பரங்கிக்கொடிக்கு ஒரு கெடு

ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில் நஞ்சம்மாவுக்கு ஐந்து வாடகை வீடுகள், ஒரே வரிசையாக. முன்னால் நான்கிலும் கல்யாணமாகாத கம்பெனி ஆட்கள். கடைசி வீட்டில் முத்துமணியும் அவள் கணவன் பிரதாப்பும். அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு லாரி நிற்கிற அளவுக்கு வெறும் மண் கிடந்தது, ஒரு பக்கம் சுவர், எதிர்ப்பக்கம் கேட். வீடு கட்டியபோது மிஞ்சிய கல்லும் கிழிந்த சாக்கும் அதில் பாதி புதைந்திருந்தன.

முத்துமணிக்குத் தெற்கே மேலூர்ப் பக்கம். ஊர் ஏக்கத்தில் தோட்டம் போட்டாள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. மேலூரில் அவள் பிறந்த வீட்டுக்கு வாசற்படி இறங்கினால் தார் ரோடு. ஒரு துளசிச் செடிக்குக்கூட இடமில்லை. ஓசூர் வந்து பதினோரு வருடத்தில் மாறிய மூன்று வீடுகளிலும் சிமெண்டுத் தரைதான். முப்பத்தாறு வயதில்தான் முதன்முதலாக ஒரு துண்டு மண் அவள் கைக்கு வந்தது, அதுவும் வாடகைக்கு.

ஆடி மாதம் குழம்புக்கு வாங்கிய பரங்கிக்கீற்றிலிருந்து விதைகளை எடுத்து ஊன்றி வைத்தாள். ஆறாம் நாள் ஒன்று முளைத்து, விதைத்தோலைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு நின்றது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பிரதாப்பை உலுக்கி எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"இதுக்கா எழுப்புன?" என்றான். ஆனாலும் சாயங்காலம் அவனாகவே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு முத்துமணிக்குக் காலையில் காபிகூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. எழுந்தவுடன் பின்கதவைத் திறப்பாள். நேற்று இல்லாத இலை இன்று இருக்கும். அரிசி கழுவிய தண்ணீர் முழுவதும் பரங்கிக்குத்தான். நகத்தில் மண் ஒட்டியிருந்தால் அவசரமாகக் கழுவ மாட்டாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். இவ்வளவு சின்ன விஷயத்தில் இத்தனை சந்தோஷமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஆவணியில் நஞ்சம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"முத்துமணி, இங்க சிமெண்டு போட்டுடலாம்னு இருக்கறேன். முன்னாடி வீட்டுக்காரங்க வண்டிய ரோட்டுல வுடறாங்க. போன வாரம் மூணாவது வீட்டு ஹரீஷ்குமார் வண்டில பெட்ரோலு புடுங்கிட்டாங்க."

"அக்கா, கொடி இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்கு..."

"வெறும் எலையா வளத்து என்னா பண்றது? சரி, ஆயுதபூஜ வரைக்கும் பாக்கறேன். ஒரு பரங்கிக்காயாச்சும் கண்ணுல காட்டு, வுட்டுடறேன். இல்லன்னா மறுநாளே கரியப்பன வர சொல்லிடுவேன்." கரியப்பன் அந்தத் தெருவுக்கெல்லாம் கொத்தனார்.

முத்துமணி சரியென்று தலையாட்டினாள். ஒரு காய்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

இங்கே அவள் வேலையைச் சொல்லியாக வேண்டும். வண்டிகளுக்கு அலுமினிய உதிரிபாகம் வார்க்கும் கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்ஷன். ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகும். சின்னப் பிசிறு இருந்தாலும் ரிஜெக்ட் என்று சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவாள். அவள் விட்டது ஒன்றுகூட வெளியே போய்த் திரும்பி வந்ததில்லை. கம்பெனியில் அதற்கு அவளுக்கு ஒரு ஷீல்டே கொடுத்திருக்கிறார்கள்.

கொடியில் பூ வந்ததும் அந்தக் கண் தானாக வேலை செய்தது. சில பூவுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் பிஞ்சு இருந்தது. பல பூவுக்கு வெறும் நீளக் காம்புதான். பிஞ்சு இல்லாத பூ கொடியின் சத்தை வீணாக உறிஞ்சுகிறது என்று முடிவு கட்டினாள். தினமும் காலையில் அதையெல்லாம் மொட்டிலேயே கிள்ளிப் போட்டாள். பிஞ்சுள்ள பூ மட்டும் கொடியில் நின்றது. பார்க்கச் சுத்தமாகவும் இருந்தது.

ஆனால் பிஞ்சு நிற்கவில்லை. பூ வாடிய மூன்றாம் நாள் மஞ்சளாகிச் சுருங்கி, தொட்டால் கையோடு வந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. புண்ணாக்கு கரைத்து ஊற்றினாள். வேப்பெண்ணெய் தெளித்தாள். ஆறாவதும் விழுந்தது. பூஜைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் மாதேஸ்வரி. உத்தனப்பள்ளிக்காரி, அதே லைனில் பேக்கிங். அவளிடம் சொல்லி அழாத குறை.

"பூவு வருதில்ல?"

"நல்ல பூவா பாத்துத்தான் விட்ருக்கேன். பிஞ்சு இல்லாததையெல்லாம் அன்னன்னைக்கே கிள்ளிப் போட்டுருவேன். இன்னைக்குக்கூட ஏழு மொட்டு." முத்துமணி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

மாதேஸ்வரி அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

"அடிப்பாவி! அதெல்லாம் ஆம்பளப் பூவுடி. மொத்தத்தையும் ரிஜெக்ட் பண்ணிட்டா காயி எங்கருந்து புடிக்கும்?"

முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் சிரித்தது. முத்துமணிக்குக் காது சூடாகிவிட்டது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் நல்ல பீஸைத் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டிருந்தாள், ஒன்றல்ல, வாரக்கணக்கில்.

"இப்ப என்னடி செய்ய? நாளைக்கு விரியற மாதிரி ஒரே ஒரு பூ நிக்குது. அதுக்கு ஜோடிக்கு ஒரு மொட்டுகூட நான் விட்டு வைக்கலையே."

"எங்க தோட்டத்துல இருக்குது, எடுத்தாறேன். இதழப் பிச்சுட்டு, நடுவுல குச்சி மாதிரி நிக்கும் பாரு, அத பொம்பளப் பூவுக்குள்ள வெச்சு மெதுவா தேய்க்கணும். வெயிலு ஏறனா பூவு மூடிக்கும், சாக்கிரத."

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு பஸ் வந்தது. மாதேஸ்வரி இறங்கி, டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஈரத்துணியில் சுற்றிய பூ, மஞ்சள் வாடாமல் இருந்தது. முத்துமணி அதை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

"ஏம்மா, எங்க ஓடறா அவ? டைம் ஆச்சு!" என்று டிரைவர் சென்னப்பன் ஹாரனை அழுத்தினார். அவர் யாருக்காகவும் நிற்கிற ஆள் இல்லை. மாதேஸ்வரி ஒரு காலை ரோட்டிலும் ஒரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நானும் ஏறலீங்கண்ணா. வேணும்னா என்ன இழுத்துக்கினு போங்க."

பின்கட்டில் முத்துமணி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பெண்பூ வாய் திறந்திருந்தது. இதழைப் பிய்த்துவிட்டு நடுக்குச்சியை அதற்குள் விட்டாள். தேய்த்தாள். போதுமா என்று தெரியாமல் இன்னொரு முறை தேய்த்தாள். திரும்பி ஓடி பஸ் ஏறியபோது முழங்காலெல்லாம் மண். ஜன்னலோரத்தில் இடம் விட்டு நகர்ந்தார்கள். அன்று விரலில் ஒட்டிய மகரந்தத்தைக் கழுவ மனமில்லாமல் அதன்மேலேயே கையுறை மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பிஞ்சு பச்சையாகவே இருந்தது. ஏழாம் நாள் ஒரு கைப்பிடி அளவு.

ஆயுதபூஜைக்கு மறுநாள் நஞ்சம்மா கரியப்பனோடு வந்தாள். அவர் கொத்துக்கரண்டியில் முந்தின நாள் பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அழியவில்லை. முத்துமணி இலையை விலக்கிக் காட்டினாள். காய் ஒரு பக்கம் கோணலாக, தேங்காய் அளவில் கிடந்தது.

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணுன்னுதானக்கா சொன்னீங்க."

நஞ்சம்மா குனிந்து காயைத் தொட்டுப் பார்த்தாள். கரியப்பனிடம் கன்னடத்தில் ஏதோ பேசினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சொன்னா சொன்னதுதான். கொடிய எடுக்க வேணாம். ஆனா வண்டிக்கும் எடம் வேணுமில்ல? திங்கக்கெழம கரியப்பன் வருவாரு. அன்னிக்கு கொடி எதுவரைக்கும் போயிருக்குதோ, அதுவரைக்கும் உனுக்கு. மீதிக்கு சிமெண்டு."

கொடி பாதி மண்ணைத்தான் பிடித்திருந்தது. ஆளுக்குப் பாதி, நியாயமான பேச்சுத்தான். முத்துமணி தலையாட்டினாள். அவர்கள் போனதும் எண்ணிப் பார்த்தாள். நடுவில் நான்கு நாள் இருந்தது. கொடி தினம் ஒரு சாணுக்குமேல் ஓடுகிறது.

மூன்று நுனிகளும் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் மெதுவாகத் தூக்கி, காலி மண் கிடந்த கேட் பக்கமாகத் திருப்பி வைத்தாள். திரும்பிக்கொள்ளாமல் இருக்கப் பக்கத்தில் கல் வைத்தாள். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள்.

பிரதாப் வாசலில் நின்று பார்த்தான். "இது நியாயமா?"

"அதுபாட்டுக்கு வளருது. நான் என்ன செய்ய?"

மொட்டைமாடியில் சேலை காயப்போட்டுக்கொண்டிருந்த நஞ்சம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியவில்லை. முத்துமணிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"அந்த நடு நுனிக்கு கல்லு வெக்காத. ஒடிஞ்சிடும்" என்றாள் நஞ்சம்மா. "மண்ண அணைச்சு வுடு, போதும்."

முத்துமணி கல்லை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள்.