ஐந்து பேருக்கு ஒரு காது

சங்ககிரி சாலையில் லாரிக்குப் பாடி கட்டும் அந்தப் பட்டறையில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே காது. சொந்தக் காதுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பட்டறைத் தூசு ஆகாது. பொதுக் காது முதலாளி நாச்சிமுத்துவின் மேஜையில் துணி போர்த்திக் கிடக்கும்.

காலைக் கூட்டத்தில் நாச்சிமுத்துதான் பேசுவார். காதையும் அவரே மாட்டிக்கொள்வார். அவர் பேச்சை அவரளவுக்கு ரசித்துக் கேட்க மற்ற எவனுக்கு யோக்கியதை இருக்கிறது?

வெல்டர் செங்கோடனுக்கு ஒன்று சொல்லியாகவேண்டும். கட்டி முடித்த லாரியின் உயரம் பதின்மூன்றடி. பட்டறை வாசல் பன்னிரண்டு. மதியம் வண்டியை வெளியே எடுக்கப்போகிறவன் கந்தவேல், செங்கோடனின் தங்கை புருஷன். இடித்தால் வாசலின் இரும்பு உத்தரம் நேராக அவன் மண்டைமேல்தான் விழும். மூன்று மாதமாகத் தொண்டை கிழியச் சொல்லிவிட்டான். எல்லோரும் பாங்காகத் தலையாட்டினார்கள்.

அன்று காலை, முறைப்படி, காது பத்து நிமிடம் அவன் கைக்கு வந்தது. மாட்டினான்.

"வாசல் சின்னதுங்கோ," என்று சொல்லிக்கொண்டிருந்தார் தச்சர் பொன்னுரங்கம்.

"இடிக்கும்யா! நம்பர் எழுதுன நாள்லேர்ந்து கத்தறேன், ஒருத்தனாச்சும் என்னன்னு கேட்டீங்களாய்யா?" என்றார் பெயின்டர் காதர்.

"மச்சான், இந்த வாசல்ல நான் எப்படிங் வெளிய எடுக்கறது?" கந்தவேல் அவன் முகத்தைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் செங்கோடன் தலையாட்டியிருக்கிறான்.

காதைக் கழற்றி ஓடிப்போய் நாச்சிமுத்துவுக்கு மாட்டிவிட்டான். நால்வரும் ஒன்றாக வாசல் வாசல் என்றார்கள்.

"கேள்வியெல்லாம் கடைசில. மொதல்ல நான் பேசி முடிச்சுக்கறேன்," என்றார் நாச்சிமுத்து. பேசி முடித்துக் கடைசியில் கேள்வியையும் அவரே கேட்டார். "நான் சொன்னது எல்லாத்துக்கும் புரிஞ்சுதில்ல?"

நால்வரும் தலையாட்டினார்கள்.

கந்தவேல் வண்டியைக் கிளப்பினான். செங்கோடன் தாவி ஏறி அவன் தலைமேல் கைவைத்து அமுக்கினான். மச்சான் ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று கந்தவேல் பயபக்தியாகக் குனிந்தான். உத்தரம் மோதியது. தலை தப்பியது. கூரை, சுவர், மேஜை என்று பட்டறை மொத்தமும் பெயர்ந்து வண்டிமேல் ஏறிக்கொண்டது. வெறும் மண்ணில் கதவு மட்டும் நின்று, காற்றில் சாத்திப் பூட்டிக்கொண்டது.

ஓசூரில் வண்டியை ஒப்படைத்தபோது அதன் சொந்தக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பட்டறையும் வேணும்னு நானா கேட்டேன்?"

செங்கோடனும் கந்தவேலும் தலையாட்டினார்கள். "அப்ப சரி," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஊர் திரும்பினார்கள். கதவுச் சாவி, சுவர் ஆணியில் தொங்கியபடி ஓசூரிலேயே இறங்கிவிட்டது. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில், மற்ற மூவரும் தாடி வளர்ந்து உள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள்.

செங்கோடன் எதிர்க்கடையில் மூன்று டீ வாங்கிவந்து, டம்ளர்களைக் கதவுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டான்.