ஏழு பத்துக்கும் ஏழு பதிமூன்றுக்கும் நடுவே

ராஷித் ஐந்தேமுக்காலுக்கு எழுந்தான். பல் துலக்கினான். மோட்டார் போட்டு, தொட்டி வழிந்ததும் நிறுத்தினான். பன்னைத் தேநீரில் நனைத்துத் தின்றான். ஏரிக்கரைத் தெருவைத் தவிர்த்து, சுற்றிப் போய், ஏழு மணிக்குத் துணைமின் நிலையத்தில் கையெழுத்துப் போட்டான்.

அன்று அயனம்பாக்கம் லைனின் பழைய ரிலேயைக் கழற்றும் நாள். லைனில் கோளாறு வந்தால் மின்சாரத்தை வெட்டிவிடும் கண்ணாடிப் பெட்டி அது. உள்ளே ஒரு தகடு சுழலும், சிவப்புக் கொடி விழும், அவ்வளவுதான். கொடியை ஏற்றிவிட்டு ஒருமுறை லைனைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். மறுபடி வெட்டாமல் தாங்கினால் கோளாறு போய்விட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்கு முன், மழைக் காலையில், ராஷித்தும் போட்டான். லைன் தாங்கியது. ஏரிக்கரைத் தெருவில் அறுந்து கிடந்த கம்பியின் மேல் அவன் மனைவி ஜோயா கிடந்தாள்.

கழற்றுமுன் சோதனைப் பெட்டியை இணைத்து மின்னோட்டத்தை ஏற்றினான். தார்ச்சாலையில் விழுந்த கம்பியில் ஓடுமே, அந்தக் கொஞ்ச அளவு. ஒரே ஒரு தடவை தகடு அசைந்தால் போதும். அன்று லைன் தாங்கியதால், அவன் போட்டபோது அவள் வழியாக எதுவும் ஓடவில்லை என்று ஆகிவிடும். பதினொரு தடவை ஏற்றினான். அசையவில்லை.

"உடு சார்," என்றார் லைன்மேன் கன்னியப்பன், புதுப் பெட்டியைப் பிரித்தபடி. "அது ஊமை. இன்னா ஆச்சு, எப்ப ஆச்சு, ஒன்னியும் சொல்லாது. இது கீது பாரு, சரியான வாயாடி. நொடி நொடியா எழுதி வச்சிக்கும். இத்தினியூண்டு கரண்ட் தரையில போனாக்கூட மோப்பம் புடிச்சிரும். முன்னயே வந்திருந்தா..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணே."

"ஒன்னுமில்ல. கம்பி அறுந்து வுழுந்தப்பவே உன் சம்சாரத்துக்கு உசிரு போச்சு சார். நீ போட்டதுக்கு முன்னாடியே. விசாரணையில நாம எழுதிக் குடுத்ததும் அதான். யாரு இல்லைன்றது?"

"லைன் எப்பக் கட் ஆச்சு?"

"ஏழு பத்து. நீ போட்டது ஏழு பதிமூணு. புக்குல கீதே."

ராஷித் பன்னிரண்டாவது தடவை ஏற்றினான். தகடு அப்படியே நின்றது. ஒயர்களைப் பிடுங்கினான்.

"ஏழு பதினொன்னுக்கு அவ எனக்கு போன் பண்ணாண்ணே."

கன்னியப்பன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். இதை ராஷித் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னா சார் சொல்லிச்சு?"

"மிக்ஸியில சட்னி பாதியில நிக்குது. நான் கீழ போய் பால் வாங்கிட்டு வர்றதுக்குள்ள கரண்ட் போட்டுடுங்க."