அண்ணிக்குக் கை சும்மா இருக்காது

நான் சூப் வைத்து இறக்கினால், எங்கள் அண்ணி ருசிகூடப் பார்க்காமல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிவிட்டுத்தான் உட்காருவார். கேட்டால், நீ எப்பவும் மறந்துடுவே என்பார். வீட்டோடு போயிற்றா என்றால் இல்லை, ஆய்வகத்திலும் அவர்தான் எனக்கு சீனியர். என் தலையெழுத்து.

என் ஆராய்ச்சி ஒரே ஒரு புரதத்தைப் பற்றியது. செல்லுக்குள் சேதி வந்ததும், போதும் நிறுத்து என்று சொல்கிற கறார் பேர்வழி அது. செல்லே கொஞ்சம் பெராக்சைடு தயாரித்து அதன் வாயை அடைக்கும். அந்த வாயில் உள்ள கந்தகத்தின் மேல் பெராக்சைடின் ஆக்சிஜன் ஏறி உட்கார்ந்தால் வடிவம் லேசாகக் கோணி, வேலை நின்றுவிடும். ஆக்சிஜனை இறக்கிவிட்டால் மறுபடி வேலை செய்யும் என்பது என் கட்சி. பேராசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. துருப்பிடித்த இரும்பு தானாகப் பளபளக்குமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் என் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

என் புரதமோ முதல் படிக்கே வரவில்லை. எவ்வளவு பெராக்சைடு ஊற்றினாலும் அசரவில்லை. அது வேலை செய்தால் சோதனைத் தட்டின் குழிகளில் மஞ்சள் நிறம் வரும், நின்றால் வராது. எனக்குத் தினமும் மஞ்சள்தான். அழுகையே வந்துவிட்டது.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணியின் கை வழக்கம்போல என் சூப்பை நோக்கிப் போனது. எனக்குச் சுரீரென்றது.

மறுநாள் என் கரைசல் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி முகர்ந்து பார்த்தேன். அழுகிய முட்டை நாற்றம். புரதத்தின் மேல் ஏறிய ஆக்சிஜனை இறக்கிவிடும் மருந்தின் நாற்றம் அது. எங்கள் ஆய்வகமே அப்படித்தான் நாறும் என்பதால் உள்ளே யாருக்கும் உறைக்காது. பெராக்சைடின் வேலையைக் கெடுக்கும் என்று நான் வேண்டுமென்றே விட்டதை, மறந்துவிட்டேன் என்று நினைத்து அந்தப் புண்ணியவதி தினமும் ஊற்றியிருக்கிறார். பல்லை நறநறவென்று கடித்தேன். அப்புறம் சிரிப்பு வந்தது. சண்டை போடவில்லை.

வெள்ளிக்கிழமை, பூட்டி வைத்திருந்த புதுக் கரைசலோடு பேராசிரியர் முன்னால் நின்றேன். பக்கத்தில் அண்ணி. புரதத்துக்குப் பெராக்சைடு கொடுத்து, மிச்சத்தை நீக்கி, நிறம் காட்டும் பொருளைச் சேர்த்தேன். இரண்டு வரிசைக் குழிகளும் வெறும் தண்ணீராகவே கிடந்தன.

"செத்துப்போச்சு. நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் பேராசிரியர்.

நாற்ற மருந்தை அண்ணியின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, ஐயோ, இரண்டாவது வரிசைக்கு மருந்தே போடவில்லையே என்று முணுமுணுத்தேன். அது போதுமாக இருந்தது. அண்ணி பிப்பெட்டை எடுத்து அந்த வரிசை முழுக்கச் சொட்டு விட்டுவிட்டார்.

காத்திருந்தோம். முதல் வரிசை அப்படியே இருந்தது. இரண்டாவது வரிசை மெல்ல மஞ்சளானது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"என்னம்மா பண்ணீங்க?"

"இவ எப்பவும் மறந்துடுவா சார், அதான்..." என்றார் அண்ணி.

செத்தது எழுந்து வராது, அப்படியென்றால் இது சாகவே இல்லை என்று பேராசிரியருக்கும் தெரியும். ஆராய்ச்சியைத் தொடரச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சூப்பில் நான் உப்பே போடவில்லை. அண்ணி ருசி பார்க்காமல் தூவினார். கனகச்சிதமாக இருந்தது.