பூவரசு நின்ற இடம்

கால் கட்டைவிரலில் ஒரு கல் தட்டுகிறது, மார்பளவு தண்ணீர், தை அமாவாசைக்கு வற்றிய கடல், காலை வெயில் பிடரியில் ஏறுகிறது, கல் உருண்டையாக இருக்கிறது, சோற்றுப்பானை அளவு இருக்கும் போலிருக்கிறது, முங்கிக் கையால் தடவினால் தெரிந்துவிடும், மேலே வளைந்து வளைந்து கோடு ஓடுகிறதா இல்லையா, அவ்வளவுதான், ஆனால் நான் முங்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் அது என் மகளின் கல்லாகவே இருக்கட்டும். பின்னால் வத்தையில் குந்தியிருக்கிறாள் முத்துராக்கு, என் புருஷனுக்குச் சித்தப்பா மகள், நாற்பது வருஷமாக என்னோடு கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கிறவள், துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு கத்துகிறாள், என்ன மதினி, நட்டுவச்ச கம்பு மாதிரி நிக்கிறீக, பாரஸ்ட் கார்டு படகு வந்துச்சுன்னா ரெண்டு பேரையும் அள்ளிக்கிட்டுப் போயிருவாக, வெரசாப் பாருங்க. பொறுடி, என்கிறேன். பொறுத்துப் பொறுத்துத்தான் இந்தக் கதிக்கு வந்தோம், என்கிறாள் அவள். என் கழுத்தில் தொங்கும் பையில் பால் பாட்டில் ஆடுகிறது, வீட்டில் காய்ச்சி ஆற்றி, ஒரு சில்லு கருப்பட்டி போட்டுக் கொண்டுவந்த பால், என் மகளுக்கு இனிப்பு இல்லாவிட்டால் இறங்காது.

நான் கடலில் நிற்கவில்லை, ஆலாத்தீவில் நிற்கிறேன், சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும். கல்யாணமாகி ஒன்பதாம் நாள் நம்புராசன் மச்சான் என்னை வத்தையில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கியபோது இந்தத் தண்ணீரெல்லாம் மணல், கண் கூசும் வெள்ளை மணல், ஒரு செருப்பைக் கழற்றிப் போட்டது போல் தீவு கிடக்கிறது, குதிகால் கிழக்கே, விரல் மேற்கே, உலை வைத்துவிட்டுக் கிளம்பினால் சோறு பொங்குவதற்குள் சுற்றி வந்துவிடலாம். வடக்குப் பக்கம் சேறும் கண்டல் மரமும், அதற்கு வெளியே கடற்புல் வயல் மாதிரி விளைந்து கிடக்கும், கடற்பசு வந்து மேயும், மூச்சு விட மூக்கை மட்டும் நீட்டும், நான் முதல் தடவை பார்த்து அலறியதில் மச்சான் விழுந்து விழுந்து சிரிக்கிறார். தெற்குப் பக்கம்தான் பார் என்று நாங்கள் சொல்லும் பவளப்பாறை, கடலுக்குள் ஒரு மதில் மாதிரி உயிருள்ள கல், பெரிய அலையெல்லாம் அதன்மேல் மோதி நுரையாகி, கரைக்கு வரும்போது கொலுசு நனைகிற அளவுக்குத்தான் வரும். மணலில் அடம்பங்கொடி, இராவணன் மீசைப் புல், ஆலாக் குருவிகள் ஆயிரக்கணக்கில், முட்டையிடும் மாசத்தில் கால் வைக்க இடம் இருக்காது, தலையில் கொத்தும், ஆலாத்தீவு என்ற பேரே அதனால்தான். நடுவில் ஒரு கிணறு, இரண்டு முழத்தில் நல்ல தண்ணீர், சுற்றிலும் கடல் கரிக்க அது மட்டும் எப்படி இனித்ததோ, முத்துக்குளிக்க வந்தவர்கள் ராஜா காலத்தில் தோண்டியது என்றும், பிறகு வெள்ளைக்காரன் காலரா கண்டவர்களைக் கொண்டுவந்து இங்கே விட்டான் என்றும், அந்த இடிந்த சுவர் அவர்கள் கிடந்த கொட்டகை என்றும் மச்சான் சொல்லிக்கொண்டே நடக்கிறார். இந்தத் தீவு கடலுக்குள்ள மொளைச்சது புள்ள, இந்தக் கல்லுதான் அதுக்கு வேரு, என்கிறார். தெரிந்திருக்கிறது பாருங்கள், வேர் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார், நானும் ஊங்கொட்டியிருக்கிறேன்.

என் மகள் நாச்சியா அப்போது இரண்டரை வயசுக்காரி, ஆலாவைப் பிடிக்கிறேன் என்று மணலில் ஓடுவாள், அவை எழும்பிப் பறக்கும்போது இவளும் கையை விரித்துக்கொண்டு கிரீச் கிரீச் என்று கத்துவாள், வாயாடி, அப்படியே என்னைக் கொண்டு பிறந்தவள். அந்தக் காலத்தில் பாசிக்கு வந்தால் பத்து நாள் தீவிலேயே ஓலைக் குடில் போட்டுத் தங்கிவிடுவோம், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பிய்ப்போம், பிள்ளைகள் கரையில் நண்டு துரத்தும். ஏழாம் நாள் கச்சான் காற்று பிடித்துக்கொண்டது, மழையும் சேர்ந்துகொண்டது, குடில் ஒழுகுகிறது, எந்தப் பக்கம் பிள்ளையைக் கிடத்தினாலும் அந்தப் பக்கம் ஒழுகுகிறது, அன்றைக்கே உடம்பு கொதிக்கிறது. மச்சான் மூன்று தடவை வத்தையைத் தள்ளினார், மூன்று தடவையும் அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டது, மூன்றாம் தடவை பாய்மரம் முறிந்தது. கரை தெரிகிறது, அதுதான் கொடுமை, பள்ளிவாசல் மினாரா தெரிகிறது, அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரி, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கிறது, நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மினாராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், மூன்று நாள் நிற்கிறேன், சுக்குக் கசாயத்தைத் தவிர கையில் ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் மத்தியானம் தோளில் சூடு இறங்குகிறது, அப்பாடா காய்ச்சல் விட்டுருச்சு மச்சான், என்று நான்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன்.

தீவிலேயே மேடான இடம் அந்தப் பூவரசு நின்ற இடம், அதற்கு அடியில் புதைத்தோம், காற்று நிற்க இன்னும் நாலு நாள் ஆயிற்று, எப்படிக் காத்திருப்பது. மச்சான் பாரில் முங்கி ஒரு கல்லைக் கொண்டுவந்து மேலே வைத்தார், பானை மாதிரி உருண்டைக் கல், மேலெல்லாம் வளைந்து வளைந்து கோடு, முடிவே இல்லாத கோடு. சின்னப் பிள்ளை மேல் வைத்த கல்லை அசைக்கக் கூடாது, அசைத்தால் பெற்றவள் வயிறு அப்புறம் திறக்காது, எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. கல்லிலிருந்து கடல்வரைக்கும் நடந்து பார்த்தேன், ஏன் நடந்தேன் என்று தெரியவில்லை, இருநூற்றுப் பன்னிரண்டு அடி. வத்தை ஏறும்போது மச்சான் கரைப் பக்கம் கையைக் காட்டி, நல்லாப் பாத்துக்க புள்ள, பள்ளிவாசல் மினாராவும் ஐஸ் கம்பெனித் தண்ணித் தொட்டியும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிக்கிது பாரு, அங்கிட்டு கிழக்க லைட்டவுசு கோயில் பனைக்கு ஒரு விரக்கடை தள்ளித் தெரியிதா, எங்கிட்டுருந்து வந்தாலும் இந்தக் குறிய வச்சு வந்தா நம்ம புள்ளகிட்ட வந்துரலாம், என்றார். பிறகு துடுப்பை எடுத்தார்.

கல்வீடு கேட்டது நான்தான், வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. இனி ஒரு புள்ள பெத்தா ஓலைக்குக் கீழ பெத்துக்க மாட்டேன் மச்சான், ஒழுகாத வீடு கட்டு, அப்பறம் எங்கிட்ட வா, என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டேன். செங்கல்லுக்கு எங்கே போவது, ஊரே கடற்கல்லில்தான் கட்டிக்கொண்டிருந்தது, மச்சானும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெற்குப் பாருக்குப் போனார், சுண்ணாம்புக் காளவாசல்காரர்களின் வத்தைகள் ஏற்கெனவே அங்கே முட்டிக்கொண்டு நின்றன, நானும் போனேன், அவர் கீழே பெயர்க்க நான் மேலே வாங்கி அடுக்குவேன். கல் உயிரோடு வரும், மெழுகு மாதிரி வழுக்கும், பச்சையும் ஊதாவுமாக இருக்கும், சிலதில் அதே வளைந்த கோடு ஓடும், கரையில் போட்டு ஒரு மழைக்காலம் உப்பு இறங்கவிட்டால் வெள்ளையாகிவிடும், அதுவரை நாறும், ஊரே அந்த நாற்றத்தில் சோறு தின்றது. என் வீடு எழும்பியது, சுண்ணாம்பில் நீலம் கலந்து பூசினேன், தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை, உள்ளறைச் சுவரில் எதிரும் புதிருமாக இரண்டு இரும்புக் கொக்கி, கல்லைத் துளைத்து அதற்குள் ஈயம் காய்ச்சி ஊற்றி மச்சான் பதித்தார், தொட்டில் கயிறு கட்ட. எத்தன புள்ள ஆடுனாலும் அசையாது பாரு, என்று பிடித்துத் தொங்கிக் காட்டினார். ஒரு பிள்ளையும் ஆடவில்லை. வருஷங்கள் போயின, நான் அந்தக் கொக்கியில் கொசுவலை கட்டினேன்.

தை அமாவாசைக்குத் தவறாமல் பால் கொண்டுவந்து கல்லின்மேல் ஊற்றிவிட்டு அடி எண்ணுவேன், நூற்றெண்பது, என் கால்தான் நீளமாக வைக்கிறதோ என்று திரும்ப எண்ணினேன், அடுத்த தடவை நூற்றைம்பது, பிறகு நூறு, கண்டலைக் காணோம், கிணறு கரித்துவிட்டது, ஆலாக்கள் ஒரு வருஷம் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு முட்டையிடாமலே போய்விட்டன. மச்சான் ஒருநாள் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறார், கை காய்ந்துவிட்டது, புள்ள, தெக்குப் பார நாம தின்னுட்டோம், அதான் அலை நேரா வருது, என்கிறார். நான் எச்சில் தட்டை எடுக்கிறேன். கடல் எடுக்குறதுக்கு முந்தி நாச்சியாவ எடுத்துட்டு வந்துருவோம், நம்ம வீட்டுப் பொறத்தால வச்சுக்கிருவோம், நானே தோண்டுறேன், நீ வரவேணாம், என்கிறார். எப்படிப் பாய்ந்தேன் தெரியுமா, கல்ல அசைச்சா என் வயிறு என்னத்துக்கு ஆகும், இருக்கிறதையும் கெடுக்கப் பாக்கிறியா, உனக்கு வேற எவளும் இருக்காளா, என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன், நாற்பது வயசில், பிறக்காத பிள்ளைக்காகப் பிறந்த பிள்ளையை விட்டுக்கொடுத்தேன், பாவி. அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார், அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, நெஞ்சுச் சளி கட்டி அவர் போகும்வரை எடுக்கவில்லை.

அவர் போனபின் என் வயிற்றுக்கும் வேலையில்லை என்று ஆகிவிட்டது, இனி என்ன தடை, மண்வெட்டியோடு வந்தேன், தீவில் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டிருந்தது, கார்டு தம்பி நல்ல பிள்ளை, ஆத்தா, நீங்க எறங்குனா எனக்கு வேல போயிரும், என்று கெஞ்சினான், அவன் போனதும் ராக்கு என்னை மறுபக்கமாக இறக்கிவிட்டாள். பதினோரு அடி. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கல்லின் இரண்டு பக்கமும் கை வைக்கிறேன், தூக்க வேண்டும், அவ்வளவுதான், கை வரவில்லை, இருபத்திரண்டு வருஷம் அசைக்காதே அசைக்காதே என்று காத்த கை, அது என் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த மாசம் எடுத்துக்கலாம்டி, என்று திரும்பிவிட்டேன். அந்த அடுத்த மாசம்தான் கடல் பொங்கி வந்தது, ஊரில் வத்தையெல்லாம் தெருவில் கிடந்தது, ஓடி வந்து பார்த்தால் தீவு இரண்டு துண்டு, பூவரசு தண்ணீருக்குள் நிற்கிறது, கல் முழங்காலுக்குக் கீழே தெரிகிறது, அலை வந்தால் மறைகிறது, போனால் தெரிகிறது, இனித் தோண்டினாலும் குழி நிற்காது. வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்தேன். எடுத்த கல்லைத் திருப்பிப் போட்டால் பார் திரும்பிவிடும் என்று நினைத்தேன், சிரிப்பு வருகிறதா, எனக்கும் வருகிறது, பின்சுவரை இடித்தேன், உள்ளறையை இடித்தேன், ராக்கு தலையிலடித்துக்கொண்டே வத்தையில் ஏற்றினாள், கூறுகெட்ட மதினி, குடியிருக்கிற வீட்ட ஒடச்சுக் கடல்ல போடுறது எந்த ஊரு ஞாயம், என்று திட்டிக்கொண்டேதான் கூடவே சுமந்தாள், முப்பத்தேழு நடை, பூவரசுக்குத் தெற்கே நூறு பாகம் தூரம் தள்ளிச் சரித்துவிட்டோம், இரண்டு மழைக்காலத்தில் கடல் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போயிற்று, பூவரசு சாய்ந்தது, தீவும் முங்கியது. டிவியில் ஒரு நிமிஷம் காட்டினார்கள், மனித வாடையே இல்லாத குட்டித்தீவு என்றார்கள். நான் மிச்சமிருக்கும் முன்னறையில் தகரம் போட்டுப் படுத்திருக்கிறேன், மழைக்கு ஒழுகுகிறது.

மதினி, காத்து மாறுது, என்கிறாள் ராக்கு. மினாராவைப் பார்க்கிறேன், தொட்டியைப் பார்க்கிறேன், ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் நிற்கின்றன, ஆனால் பழைய தொட்டியைப் போன வருஷம் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள், அதே எடந்தான் ஆத்தா, என்று மேஸ்திரி சொன்னான், அவனுக்கு அதே இடம் என்றால் பத்தடி அங்கிட்டு இங்கிட்டு இருக்கலாம், கரையில் பத்தடி பிசகினால் இங்கே எவ்வளவு பிசகும், கோயில் பனையும் புயலில் போய்விட்டது. கட்டைவிரல் இன்னும் கல்லின் மேலேயே இருக்கிறது. சரி நாச்சியா, ஆத்தா வாரேன், என்று மூச்சை இழுத்துக்கொண்டு முங்குகிறேன், கலங்கிய தண்ணீர், விரலில் சுற்றிய துணியைப் பல்லால் இழுத்து அவிழ்க்கிறேன், தடவுகிறேன், கோடு, வளைந்து வளைந்து ஓடும் கோடு, ஐயோ இருக்கிறது, கோடு இருக்கிறது, இரண்டு கையாலும் கட்டிக்கொள்கிறேன், கன்னத்தை வைக்கிறேன், அடிப்பக்கம் கையைக் கொடுத்து அணைக்கிறேன், உள்ளங்கையில் துருப்பிடித்த இரும்பு குத்துகிறது, வளைந்த இரும்பு, கொக்கி, அதைச் சுற்றி ஈயம், பிடித்து ஆட்டினேன், மச்சான் சொன்னபடி அசையவில்லை.

மேலே வந்தபோது ராக்கு வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், கெடச்சுச்சா மதினி, அதானா, என்றாள். இல்லடி, வீடு, என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தக் கல்லின் மேலேயே ஏறி நின்றேன், தண்ணீர் நெஞ்சிலிருந்து இடுப்புக்கு இறங்கியது, ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருந்தது, சுற்றிலும் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரிக் கடல். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், பால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது, எந்தப் பக்கம் ஊற்றுவது என்று தெரியவில்லை.