கண்ணாடிக்கு வைத்த பொட்டு

கருவியின் திரையில் சுழியம் வந்து அசையாமல் நின்றது. அதைப் பார்த்துத் திருச்செல்வத்துக்கு நிம்மதி, மலர்விழிக்கோ சந்தேகம்.

குருபோங் ஊரில் ஏர்கான், அதாவது குளிர்சாதனம், பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிற திருச்செல்வம், தன்னிடம் வேலை செய்யும் மலர்விழியின் பிடிவாதம் தாங்காமல்தான் அவள் உருவாக்கிய இந்தக் கருவிக்குப் பட்டறையில் ஒரு மூலையை ஒதுக்கினார். எரிவாயு நிலையத்தில் குழாய் கசிந்தால் மீத்தேன் கண்ணுக்குத் தெரியாமல் மேலே போய் பூமியைச் சூடாக்கும். அந்தத் திருட்டைப் பிடிக்கிற கருவி இது. ஒரு கம்பத்திலிருந்து ஒளிக்கதிர் கிளம்பும்; எதிர்க் கம்பத்துக் கண்ணாடி அதைத் திருப்பி அனுப்பும்; நடுவில் மீத்தேன் இருந்தால் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். சூட்சுமம் அவ்வளவுதான். இன்றைய சோதனை சொதப்பினால் அவள் மறுபடியும் ஏர்கான் கழுவப் போக வேண்டியதுதான். முதலாளி அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சோதனைக் களம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. களத்தை நடத்துகிற கோகுலராஜ் மீத்தேன் கசியவிட எந்தக் குழாயைத் திறந்தார், ஒன்றையாவது திறந்தாரா என்று பெற்ற தாய் கேட்டாலும் சொல்ல மாட்டார். மணி அடித்த பிறகு யாரும் வேலிக்குள் போகக் கூடாது. கசிவு உண்டா, இல்லையா என்று வெளியிலிருந்தே பதில் சொல்ல வேண்டும்.

“அதான் சைபர் காட்டுதே! இல்லைன்னு சொல்லு லா,” என்றார் திருச்செல்வம்.

“இல்லண்ணே. காத்துல எப்பவுமே கொஞ்சம் மீத்தேன் இருக்கும். நம்பர் ஆடிக்கிட்டே இருக்கணும். காலையில கூட ஆடுச்சு. இப்ப ஏன் செத்த மாதிரி நிக்குது?”

மனதில் ஒரு கேள்வி விழுந்துவிட்டால் மலர்விழிக்குச் சோறு இறங்காது. ஒயர்களைத் தடவிப் பார்த்தாள். மின்சாரம் சரியாக இருந்தது, கம்பமும் சாயவில்லை. கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கி எதிர்க் கம்பத்தைப் பார்த்தாள். கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம் அப்பியிருந்தது. அதன்மேல் குங்குமம்.

“அலாமா! ஜெயாக்கா!”

பட்டறையில் பாகங்களைப் பூட்டும் ஜெயா ஓடிவந்தாள். “இன்னிக்கு ஆயுத பூஜையாச்சே கண்ணு. மணி அடிக்கிறதுக்கு முன்னால எல்லாச் சாமானுக்கும் வச்சேன். அது மட்டும் முகம் மாதிரி பளபளன்னு இருந்துச்சா, நல்லா பெருசா வச்சிட்டேன்.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. விஷயம் புரிந்ததும் ஜெயாவின் கண் கலங்கியது. மலர்விழிக்கும் அழுகை முட்டியது. ஆனால் அவளிடம் அழுகையைவிடக் கேள்விதான் எப்போதும் முந்திக்கொள்ளும்.

“ஒளி திரும்பி வரல. வரலன்னா ‘தெரியல’ன்னுதானே சொல்லணும்? இது ஏன் ‘ஒண்ணும் இல்ல’ங்குது?”

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். இந்தக் கருவி கண்ணை மூடிக்கொண்டு உலகம் சுத்தமாக இருக்கிறது என்கிறது! அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவள் ஜெயா அல்ல, நிரல் எழுதிய மலர்விழியேதான்.

“பொட்டு விஷயத்தை வெளிய விடாத. இல்லைன்னு அடிச்சு விடு, பாதி சான்ஸ் இருக்கு,” என்று திருச்செல்வம் கிசுகிசுத்தார்.

ஏர்கான் தண்ணீரின் பாசி நாற்றம் மலர்விழியின் மூக்கில் ஏறுவது போலிருந்தது. இருந்தாலும் கோகுலராஜிடம் போய்ச் சொன்னாள்: “எங்க கருவிக்குக் கண்ணு தெரியல சார். உண்டுன்னோ இல்லைன்னோ என்னால சொல்ல முடியாது.”

கோகுலராஜ் வேலிப் பக்கம் கையைக் காட்டினார்.

“இந்த ரவுண்டுல பெரிய குழாயத்தான் திறந்து விட்டிருக்கேன். நீ இல்லைன்னு சொல்லியிருந்தா இதோட மூட்டை கட்டச் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான்மா எரிவாயு நிலையத்துல ஒருத்தன் வெல்டிங் பத்த வைப்பான்.”

“அப்ப நாங்க, சார்?”

“பாஸ் போட மாட்டேன். சரி பண்ணிக்கிட்டு அடுத்த டெஸ்டுக்கு வாங்க.”

அடுத்த சோதனை வரைக்கும் பொறுத்துப் பார்ப்பதாகத் திருச்செல்வம் முணுமுணுத்தார். சில நாள் கழித்து மலர்விழி கருவியின் நிரலைத் திருத்தி, கம்பங்களைப் பட்டறை வாசலில் நட்டு, கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு கூப்பிட்டாள்.

“ஜெயாக்கா, சந்தனம் மிச்சம் இருக்கா?”

“ஐயோ, நான் அந்தப் பக்கமே வரல தாயி.”

“வாங்கக்கா. அன்னிக்கு வச்ச மாதிரியே பெருசா வைங்க. தனக்குக் கண்ணு தெரியலன்னு இது தானா சொல்லுதான்னு பாக்கணும்.”

ஜெயா பயந்து பயந்து ஒரு பொட்டு வைத்தாள். ஆடிக்கொண்டிருந்த எண் மறைந்து, ‘பார்க்க முடியவில்லை’ என்று சிவப்பு எழுத்து வந்தது. ஜெயா கையைத் தட்டினாள்.

அதுவரை எங்கோ பார்ப்பது போல நின்ற திருச்செல்வம் மெல்லக் கிட்டே வந்தார்.

“அதைத் தொடச்சிட்டு, கொஞ்சம் சின்னதா வச்சுப் பாருங்க லா. கண்ணு பாதி மட்டும் மறைஞ்சா அப்ப என்ன சொல்லுது?”