பலகையில் என் பெயர்

போன மாதம் மேலாளர் அனுப்பியதுபோல வந்த ஒரு போலி மின்னஞ்சலைத் திறந்துவிட்டேன். தப்பு என்று தெரிந்ததும் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு அவரிடமே ஓடிப்போய்ச் சொன்னேன். வைரஸ் பரவாமல் மற்ற கணினிகள் பிழைத்தன. கைம்மாறாக அறிவிப்புப் பலகையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி என் பெயரை ஒட்டினார். வேலை நிரந்தரமாவதும் தள்ளிப்போனது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வேலை நிரந்தரம் என்ற கடிதத்துக்காக வீடே காத்திருக்கிறது.

இன்று பக்கத்து இருக்கை அக்காவின் கணினியில் கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறக்க முடியாமல் போயின. நான் கவனித்தபோது பத்து நிமிடம் ஆகியிருந்தது. அக்கா திரையை மட்டும் அணைத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தார்.

“என்னக்கா இது? பத்து நிமிஷமா சும்மாவா இருந்தீங்க? போய்ச் சொல்லுங்க!”

“சொல்லி நீ கிழிச்சதுதான் பலகையில தொங்குதே! வாய மூடிட்டு உக்காரு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அக்கா மேல் அல்ல. மேசைக்கடியில் குனிந்து வயரைப் பிடுங்கிவிட்டு மேலாளர் அறைக்குள் போனேன்.

“சார், இன்னொரு கணினி போச்சு. மத்ததயெல்லாம் உடனே நிறுத்தச் சொல்லுங்க.”

“யார் பண்ணது? பேரைச் சொல்லு.”

“பேரை ஒட்டிடுவீங்கன்னு பயந்துதான் சார் இன்னைக்குப் பத்து நிமிஷம் போச்சு. ஒட்டியே ஆகணும்னா என் பேரு அங்கதான் இருக்கு, புதுசா எழுத வேண்டாம்.”