பொரியில் போன கல்யாணம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் வீட்டு கேம் பெட்டி பழுதானதில், எனக்கும் கோகிலவாணிக்கும் நடந்திருந்த கல்யாணம் அழிந்துபோனது.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆயுத பூஜை என்றால் பெருந்துறையில் ஆணி முதல் லாரி வரை எதையும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். அம்மா அன்று காலையில் மிக்ஸிக்கு வைத்தாள், என் பைக்குக்கு வைத்தாள், அரிவாள்மனைக்கு வைத்தாள். கடைசியில் டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டிக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, அதன் தலையில் ஒரு பிடி பொரிகடலையைக் கொட்டினாள். காற்று போகும் ஓட்டைகள் பெட்டியின் தலையில்தான் இருக்கின்றன. பூஜை போட்ட சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் நாங்களும் தொடவில்லை. மறுநாள் பொத்தானை அமுக்கினேன். பொரி வறுக்கிற வாசனை வந்தது. திரையில், ‘சேமித்தது எதுவும் இல்லை. மறுபடி தொடங்கவா?’ என்று கேட்டது. கீழே ‘ஆம்’ என்ற ஒரு பதில்தான் இருந்தது.

சேமித்தது போனால், அழிந்த இடத்திலிருந்து மறுபடி ஆடித்தான் ஆக வேண்டும். எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பக்கத்து வீட்டு நாச்சிமுத்து மாமா பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர். கோடை இடியில் அவர் வீட்டுப் பெட்டி புகைந்துபோக, இப்போது ஆரம்பப் பள்ளியில் புது வாத்தியாராகச் சேர்ந்திருக்கிறார். அவரிடம் படித்த பையன்களே அங்கே சீனியர் வாத்தியார்கள். புது ஆள்தானே என்று அவரை டீ வாங்கிவர அனுப்புகிறார்கள். ஆட்டத்துக்கு எல்லாம் மறந்துபோகிறது, ஆடியவனுக்கு எதுவும் மறப்பதில்லை. இதில் உள்ள சங்கடமே அதுதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கேம் பெட்டி பழுது பார்க்கும் ஜெரால்டிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினார். மேசைமேல் கொஞ்சம் பொரியும் அரைக் கடலையும் விழுந்தன. கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

“பெட்டி ஓடுமுங்க. உள்ள இருந்த கல்யாணந்தான் போயிருச்சு.”

“ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?”

“பொண்ணு பார்க்கறதுக்கு முந்தின நாள் போட்ட சேவ் ஒண்ணு கெடக்குதுங்க. அங்கிருந்து போய்க்குங்க. மூணு உயிர் இருக்குது. பார்த்து ஆடுங்க.”

மூன்று உயிர் என்றால் மூன்று தடவை பெண் பார்க்கப் போகலாம். மூன்றும் போய்விட்டால் அந்த வீட்டுக்குப் போகிற வழி அடைபட்டுவிடும். மளிகைக்கடை ஈஸ்வரமூர்த்திக்கு அப்படித்தான் ஆனது. அவர் அந்தியூருக்குப் பெண் பார்க்கப் போய் மூன்றையும் விட்டார். இன்றைக்கும் அந்தியூருக்கு என்று எந்த பஸ்ஸில் ஏறினாலும் பவானியில்தான் இறங்குகிறார். அங்கேயே ஒரு கிளைக்கடை போட்டுவிட்டார்.

நான் வீடு திரும்பியபோது கோகிலா துணிமணிகளை எடுத்து வைத்து முடித்திருந்தாள். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் இருந்தவள், தெரியாத வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடிக்க வந்தவள் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப நான் எங்கூட்டுக்குக் கெளம்பறனுங்க” என்றாள்.

பைக் சாவியை எடுத்தேன். அம்மா தடுத்துவிட்டாள். “முன்னப்பின்னத் தெரியாத புள்ளைய வண்டில ஏத்திட்டுப் போனா நாலு பேரு என்ன சாமி பேசுவாங்க? பஸ்ஸுலயே போகட்டும்.” சொல்லிவிட்டு அம்மாவே அழுதாள். வழியில் சாப்பிட என்று புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். தெரியாத புள்ளைக்கு அப்பளம் நொறுங்காமல் தனியாகச் சுற்றியும் கொடுத்தாள்.

சென்னிமலை பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் போனேன். ரோடு பொதுவானது, அதில் யாரும் போகலாம். அவள் கடைசி ஸீட்டில் உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அறிமுகம் ஆகவில்லை என்பதால் நாங்கள் சிரித்துக்கொள்ளவில்லை. மலை தெரிந்ததும் வண்டியைத் திருப்பினேன். எனக்கு அழுகை வந்தது. எந்தப் பெண்ணுக்காக அழுகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்லப் பதில் இல்லாததால், வீடு வரும்வரை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

அப்பா இறந்தது எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னால். அது பழைய சேவில் இருந்ததால் அழியவில்லை. அம்மா மட்டும் அன்று சாயங்காலம் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து விளக்கைப் போட்டாள்.

அடுத்த முகூர்த்த நாளில் முதல் தடவை போனோம். பெண் பார்க்கப் போகும்போது பூ, பழம், தேங்காய் வைத்த தட்டோடு பெட்டியையும் கன்ட்ரோலர்களையும் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். சரி என்று சொன்னால் அங்கேயே சேமித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வருவதற்குள் மனசு மாறிவிடும். அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் உட்கார்ந்திருந்தாள்.

கோகிலாவின் அப்பா சென்னியப்பன் வாசலுக்கு வந்து கும்பிட்டார். “வாங்க, வாங்க. ஊடு கண்டுபுடிக்கச் செரமமா இருந்துதுங்களா?”

ஒன்பது தீபாவளிக்கு அந்த வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறேன். “இல்லீங்க, கேட்டுக்கிட்டே வந்துட்டோம்” என்றேன்.

போன தடவை எதைச் செய்து ஜெயித்தேனோ அதையே அச்சு அசலாகச் செய்வது என்று முடிவு செய்திருந்தேன். அதே வெளிர்நீலச் சட்டையைப் போட்டிருந்தேன். தொப்பைக்கு நேரே பொத்தான் போடமுடியாமல் அம்மா ஊக்கு குத்திவிட்டிருந்தாள். அன்று வைத்தது போலவே ஒரு பஜ்ஜியை மிச்சம் வைத்தேன். பெண்ணும் பையனும் தனியாகப் பேசட்டும் என்று அனுப்பியபோது, அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

“காரம் சாப்பிடுவீங்களா?”

போன தடவை இதற்கு “ம்” என்று தலையைக் குனிந்துகொண்டாள். இந்த முறை, “சாப்பிடுவனுங்க. அப்புறம்?” என்றாள்.

அப்புறம் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. போன தடவையும் இருக்கவில்லை, யாரும் கேட்காததால் தெரியாமல் போயிருந்தது. காபி குடித்து முடிப்பதற்குள் பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெட்டியை மாட்டியிருந்த அவர்கள் வீட்டு டிவியில், திரையின் மூலையில் இருந்த மூன்று இதயங்களில் ஒன்று அணைந்தது. அம்மாவுக்கு ரோஷம் வந்து, கோபியில் நல்ல பெண் ஒன்று இருக்கிறது என்றாள். எனக்கு வேண்டியது கோகிலாதான் என்று அம்மாவிடம் கத்தினேன். ஒன்பது வருஷத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கத்தியும் சொன்னதில்லை.

இரண்டாவது தடவை கேள்விகளை அவளே கேட்டாள்.

“குளிச்ச துண்டைக் கட்டில் மேல போடுவீங்களா?”

“இனிமேப் போடமாட்டனுங்க.”

“இனிமேன்னா? முன்ன போட்டீங்களா? நாம இன்னிக்குத்தான பார்க்கறோம்?”

வசமாக மாட்டிக்கொண்டேன். தப்பிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். பேசும்போது செல்போனைப் பார்க்கமாட்டேன் என்றேன். உங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவுக்கு முந்தின நாளே கூட்டிவருவேன் என்றேன். ரசம் வைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டு முடித்துவிட்டு, “எல்லாத்துக்கும் சரி சரிங்கறீங்க. அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியாதுங்க” என்றாள்.

இரண்டாவது இதயமும் அணைந்தது. திரும்பி வரும்போது வழியில் தார் ரோடு இளைத்திருந்தது. எதிரே வண்டி வந்தால் ஓரம்கட்ட இடமில்லை. ஊர்ப் பலகையில் ‘சென்’ மட்டும் மிச்சமிருந்தது, ‘னிமலை’யைக் காணோம். டிரைவர் மெதுவாக ஓட்டினார். இன்னும் ஒரு தடவை தோற்றால் நானும் ஈஸ்வரமூர்த்தி மாதிரி பாதி வழியிலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்க வேண்டியதுதான்.

மூன்றாவது தடவை போகும்போது ரோடு ஒற்றையடிப் பாதையாகிவிட்டிருந்தது. காரைப் பாதியில் நிறுத்திவிட்டு, அம்மா தட்டை எடுத்துக்கொள்ள, நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். ஊக்கு குத்திய சட்டையைப் போடவில்லை. வீட்டில் போடுகிற பழைய டீ-சர்ட்டில்தான் இருந்தேன். அதைக் கண்டதும் கோகிலாவின் முகம் கொஞ்சம் இளகியது. அந்த டீ-சர்ட்டைத் தரை துடைக்கப் போட வேண்டும் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

தனியாக விட்டதும் நான் எதையும் யோசித்துப் பேசவில்லை.

“நீங்க இல்லாம எனக்கு ஆகலீங்க. ஊட்டுல சத்தமே இல்ல. சோறு எறங்கமாட்டேங்குது. நான் எந்த எடத்துல தப்பா ஆடறேன்னு நீங்களே சொல்லிருங்க.”

அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறோம் என்ற முறையை மீறிப் பேசினாள்.

“பொட்டி கெட்டுப்போன அன்னிக்கு ஒயரெல்லாம் கழட்டுனீங்களே, என் கன்ட்ரோலர் ஒயரு எங்க இருந்துதுன்னு பார்த்தீங்களா?”

“இல்லையே.”

“டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால சுருட்டிக் கெடந்துதுங்க. அதைச் சொருகவே இல்ல. ஒம்போது வருசமா நான் சும்மா அமுக்கிட்டு இருந்திருக்கேன். நான் சொல்றது எதுவும் நடக்காது. நான் ஒரு ராசியில்லாதவ, எனக்கு ஆடத் தெரியல, அதான்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவள் சொன்னவை வரிசையாக நினைவுக்கு வந்தன. சமையலறைக்கு இன்னொரு சன்னல் வைக்கலாம் என்றாள். தையல் மெஷின் வாங்கி வேலை ஆரம்பிக்கட்டுமா என்றாள். ஒரு தடவையாவது கடல் பார்க்கலாம் என்றாள். எல்லாவற்றுக்கும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் பங்கையும் சேர்த்து நானே ஆடிவிட்டு, நன்றாக ஆடுகிறோம் என்று பெருமையும் பட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

கூடத்துக்கு வந்து பெட்டியைப் பின்பக்கம் திருப்பினேன். இரண்டாவது கன்ட்ரோலரைச் சொருகும் துளையில் ஊதுவத்திக் குச்சி ஒன்று நின்றது. அடியில் சாம்பல் கெட்டியாகியிருந்தது.

“அது ஊதுவத்தி குத்தறதுக்கு உட்ட ஓட்டை இல்லியா சாமி?” என்றாள் அம்மா. “புதுசு வந்த அன்னிக்கே பார்த்தேன், எவ்வளவு யோசனையா வெச்சிருக்கறாங்கன்னு நெனச்சேன்.”

குச்சியைப் பிடுங்கினேன். கோகிலா தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்துக் கொடுத்தாள். அதை வைத்துச் சாம்பலைச் சுரண்டி, வாயால் ஊதி, அவள் கன்ட்ரோலரின் ஒயரை நானே சொருகினேன். ‘டக்’ என்று உட்கார்ந்தது. சென்னியப்பன் பெட்டியை அவர் வீட்டு டிவியில் மாட்டினார். கடைசி இதயம் மூலையில் விட்டு விட்டு எரிந்தது.

கோகிலா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்தாள். கொஞ்ச நேரம் எதையும் அமுக்கவில்லை. இதுவும் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மேல் பொத்தானை அமுக்கினாள்.

நான் தரையிலிருந்து கிளம்பி மேலே போனேன். ஃபேன் உயரத்தில் நின்றேன். சென்னியப்பன் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.

கோகிலா கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள்.

“வேலை செய்யுதுங்க” என்றாள்.

அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மேலே இருந்து பார்க்க இன்னும் நன்றாக இருந்தது. சிரித்துக்கொண்டே யாரையும் கேட்காமல் அவளே சேமித்துவிட்டாள். இதயம் நிலையாக எரிந்தது. வெளியே ரோடு அகலமாகிற சத்தம் கேட்டது. பாதியில் நின்ற கார் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தது.

நல்ல நேரம் போவதற்குள் முடித்துவிடலாம் என்று அங்கேயே நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை மேலே இருக்கிறாரே, வெற்றிலைத் தட்டை எந்தப் பக்கம் நீட்டுவது என்று ஒரு சின்னப் பேச்சு வந்தது. கிழக்குப் பார்த்து நீட்டினால் போதும் என்றார்கள். அம்மாதான் கொஞ்ச நேரம் கழித்து, “காப்பி ஆறுது, அவனை எறக்கி உடு கண்ணு” என்றாள்.

“எறக்கறதுக்கு எந்தப் பொத்தான்னுதான் தேடிட்டு இருக்கனுங்க அத்தை” என்றாள் கோகிலா.

அவள் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். நான் இடப்பக்கம் திரும்பினேன், வலப்பக்கம் திரும்பினேன், ஒரு தடவை குட்டிக்கரணம் போட்டேன். முகூர்த்தம் ஐப்பசிக் கடைசியில் என்று குறித்தார்கள். அதற்குள் பொத்தான் தெரிந்துவிடும், தெரியாவிட்டால் பந்தலை உயர்த்திப் போட்டுக்கொள்ளலாம் என்றார் சென்னியப்பன். பக்கத்து வீட்டிலிருந்து ஏணி வாங்கிவந்து அவரே காபியை மேலே கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை சரியாக இருந்தது.